கோட்டைக்குள் ஒரு பங்கர்

நாலாம் வகுப்பில் ஐரோப்பாவின் இடைக்காலத்தைப் படித்தபோது, ஆளுக்கொரு கோட்டை செய்து வரச் சொல்லிவிட்டார் ரீச்சர். கனடாவில், மல்வேர்னில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில் மனிதருக்கே இடமில்லை. சாப்பாட்டு மேசையைக் கோட்டைக்குக் கொடுத்துவிட்டு, நிலத்தில் இருந்து சாப்பிட்டோம்.

அம்மாவின் தொழிற்சாலையிலிருந்து காட்போட் பெட்டிகள் வந்தன. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் மாமா, லைப்ரரிப் புத்தகம் ஒன்றைப் புரட்டி ஒரே நாளில் கோட்டை நிபுணராகிவிட்டார். அம்பு எய்யும் துவாரம் வெளியே ஒடுங்கி உள்ளே அகன்றிருக்க வேண்டுமாம். படிக்கட்டு வலப்பக்கமாகச் சுற்றி ஏறினால்தான் எதிரியின் வாள் பிடித்த கை சுவரில் இடிக்குமாம். உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றுக்குப் பொன்தாளில் முடி சூட்டி, ராசா என்று கோபுர உச்சியில் நிறுத்தினேன். அப்பாவுக்கு அதைக் காட்ட ஆசையாக இருந்தது. அப்பா அப்போதும் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அங்கே தொலைபேசியும் இல்லை.

வேலையால் வந்த அம்மா குளிர் கோட்டோடு மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் வடிவு. பங்கர் எங்கை?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, அந்தக் காலத்திலை குண்டு போடுற பொம்மர் பிளேன் இல்லை."

"சண்டை இருந்தது தானே?"

போட்டிருந்த குளிர் கோட்டைக் கழற்றாமலே அம்மா வேலையைத் தொடங்கினார். முற்றத்தை வெட்டி, கீழே ஒரு சின்னப் பெட்டியை ஒட்டினார். குண்டுச் சிதறல் நேரே வராமல் வாசலை வளைத்தார். ஐஸ்கிறீம் குச்சிகள் பனங்குற்றிகளாயின. துணியில் அரிசி கட்டி மண்மூட்டைகளும் அடுக்கினார். புத்தகத்தில் இப்படி ஒன்று இல்லையே என்று நான் அழுதது அவர் காதில் விழவில்லை.

வகுப்பில் ரீச்சர் அது என்னவென்று கேட்டார். "பேஸ்மென்ட்" என்றேன். கனடாவில் பேஸ்மென்ட் இல்லாத வீடுதான் அதிசயம். ஒருவரும் மறு கேள்வி கேட்கவில்லை.

திரும்பி வந்த கோட்டை ரீவிக்கு மேல் ஏறியது. நான் ராசாவைக் கோபுரத்தில் வைப்பேன். மறுநாள் பார்த்தால் அவர் பங்கருக்குள் இருப்பார். ஒருநாள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ராசா மேலை நிண்டாத்தானே அப்பா வாறது தெரியும், அம்மா!"

அம்மா ராசாவை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, பங்கருக்குள் வைத்து, வாசலில் சரிந்திருந்த அரிசி மூட்டையை நேராக்கினார்.

"அவர் உள்ளுக்கை இருந்தாத்தான், பிள்ளை, வந்து சேருவார்."

எப்போதும் சிரிக்கும் மாமா அன்று சிரிக்கவில்லை. கோட்டையிலேயே இருக்கும் ராசா இனி எங்கே வந்து சேரப்போகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.