முழுப் பேரையும் கேட்காத ஸ்கிரிப்ட்

வீட்டிலும் அலுவலகத்திலும் அவளை முந்திரி என்றே கூப்பிட்டார்கள். முந்திரிக்கொட்டைத்தனத்தால் வந்த பெயர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் போதும், பாதி வாக்கியத்திலேயே பதில் வந்து விழும். மருத்துவரிடம் போனால், அவர் நாக்கை நீட்டச் சொல்வதற்குள் தன் நோய்க்குப் பெயரும் மருந்தும் சொல்லிவிடுவாள். ஆனாலும் கெட்டிக்காரி, அதை மறுக்க யாருக்கும் வாய் வராது. கம்ப்யூட்டர்கள் அவள் பேச்சைக் கேட்டன. மனிதர்கள்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தார்கள்.

அவளுடைய அக்கா குழந்தைகளுக்கான மாத இதழ் ஒன்றை நடத்திவந்தாள். அக்கா ஆசிரியர், அத்தான் ஓவியர், முந்திரிக்குக் கம்ப்யூட்டர் பொறுப்பு. மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் அக்காவின் விண்டோஸ் கம்ப்யூட்டர். அலமாரியை ஒட்டி, எல்லாப் பக்கங்களையும் சேர்த்துவைக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர். உள்ளறையில் அத்தானின் மேக். அதைத் தூசு தட்டக்கூட அத்தான் யாரையும் விடமாட்டார். வரைந்த படங்களைப் பென் டிரைவில் போட்டுத் தானே கொண்டுவந்து கொடுப்பார்.

"இது என்ன பழைய காலத்து வேலை அத்தான்? ஒரு பட்டனை அமுக்கினா படம் தானா வந்து சேரணும்" என்று முந்திரி ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி நிரல், எழுதினாள். மூன்று கம்ப்யூட்டருக்கும் அது ஒன்றேதான். தான் எந்த வகைக் கம்ப்யூட்டரில் ஓடுகிறோம் என்று முதலில் விசாரித்துக்கொள்ளும். பிறகு அந்த வகைக்கு ஏற்ற முகவரியில் கோப்பைக் கொண்டுபோய் வைக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. "மேக்ல பார்த்தியாடி?" என்று அக்கா கேட்க வந்தாள். அவள் "மே" என்றதுமே, "எல்லாத்துலயும் ஓடும்க்கா" என்று பதில் வந்துவிட்டது.

இதழ் அச்சுக்குப் போகவேண்டிய நாள். படம் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெள்ளைக் கட்டம்.

"என்னங்க, படமெல்லாம் எங்கே?" என்றாள் அக்கா.

"அப்பவே அனுப்பிட்டேனே! பட்டனை அமுக்கினேன், 'முடிந்தது'ன்னுகூட வந்துச்சு" என்றார் அத்தான்.

"அத்தான் கனவுல அமுக்கியிருப்பார்க்கா" என்றாள் முந்திரி, திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே.

அக்கா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ எழுதினது தப்பாப் போகாதுங்க. நீங்கதான் எதையாவது மறந்திருப்பீங்க."

அத்தானின் முகம் தொங்கிப்போயிற்று. இருந்தாலும் சொல்லிப் பார்த்தார். "இல்ல முந்திரி, என் ஃபோல்டர்ல சி-ன்னு..."

"ரீஸ்டார்ட் பண்ணுங்க அத்தான்."

உள்ளறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மதியம் அவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் தொடவேயில்லை. அச்சகத்திலிருந்து போன்மேல் போன். "நீயே போய்ப் பார்த்துட்டு வாடி" என்று அக்கா விரட்டினாள்.

அவள் உள்ளே வந்ததும் அத்தான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அவருடைய ஃபோல்டரில் படங்கள் குவிந்துகிடந்தன. ஒவ்வொன்றின் பெயரும் 'சி' என்று தொடங்கி, சாய்கோடுகளோடு ஒரு முழு விண்டோஸ் முகவரியாக நீண்டிருந்தது.

"இந்த மெஷின்ல சி டிரைவ்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்றார் அத்தான். "காலையில அதைத்தான் சொல்ல வந்தேன்."

முந்திரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். உன் பெயர் என்ன என்று கம்ப்யூட்டரைக் கேட்டுக் காட்டும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். 'டார்வின்' என்று வந்தது. மேக் தன்னை உள்ளுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அதற்கென்று தனி வரியே எழுதியிருந்தாள். ஆனால் அதற்கும் மேலே, பெயரில் எங்கேயாவது விண்டோஸின் முதல் மூன்று ஆங்கில எழுத்தான டபிள்யூ, ஐ, என் சேர்ந்து வந்தால் விண்டோஸ் என்று முடிவுகட்டும் வரி நின்றது. டார்வினின் கடைசி மூன்றெழுத்தும் அதேதான். ஸ்கிரிப்ட் தனி வரி வரைக்கும் போகவேயில்லை. மேக்கிடம் விண்டோஸ் முகவரியை நீட்டியது. மேக்கும் பாவம், அதைக் கோப்பின் பெயர் என்று நினைத்து அப்படியே வைத்துக்கொண்டது.

முந்திரி பெயரை முழுதாகப் பார்த்து ஒப்பிடும்படி வரியை மாற்றினாள். தெரியாத பெயர் வந்தால் ஊகிக்காமல் நின்று சொல்லும்படி இன்னொரு வரியும் எழுதினாள். பட்டனை அமுக்கியதும் முன்னறையிலிருந்து "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று அக்காவின் குரல் கேட்டது.

"அத்தான், சாரி" என்றாள் முந்திரி.

"முழுசாச் சொல்லு. அவசரமே இல்ல."

"நீங்க பட்டனை அமுக்கினீங்க. தப்பு என்னோடது."

"உங்க அக்காவுக்குக் கேட்கிற மாதிரி."

அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். அத்தான் ஆறிப்போன டப்பாவைத் திறந்து உட்கார்ந்தார். வாயில் முதல் கவளம் போயிருக்கும்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று வாசலில் வந்து நின்றாள் அக்கா. "ஆறாம் பக்கத்துப் பூனைக்கு வால் எங்கேங்க?"

அத்தானுக்குப் புரையேறியது. வரைய மறந்திருந்தார்.

"வாலையும் இவ ஸ்கிரிப்ட்தான் முழுங்கியிருக்கும்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

முந்திரி தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "இருக்கும் அத்தான்" என்றாள்.