குஃப்ரியில் நான் சறுக்கிய நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், என் வீட்டுக்காரருக்கு பாங்க்கில் எல்.டி.சி., அதாவது ஊர் சுற்றிவரப் பயணச் சலுகை, கிடைத்தது. ஆரணி வெயிலைத் தவிர வேறெதையும் பார்க்காத நான், சிம்லாவுக்குப் பக்கத்தில் குஃப்ரி என்ற மலையில், முழங்கால் பனியில் போய் நின்றேன். கூட வந்தவர்கள் அவருடைய மேனேஜரும் மேனேஜரின் மனைவியும்.

ரயிலேறும்போதே என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். "உங்கப்பா பட்டு வியாபாரம்னு மட்டும் சொல்லு. நீ தறியில உக்காந்த கதையெல்லாம் அவங்களுக்கு இன்னாத்துக்கு? ஒரு மாதிரியா பாப்பாங்க."

பதினாறு வயதிலிருந்து கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை நெய்தவள் நான். ரயிலில் மேனேஜர் மனைவி என் சேலையைத் தடவிப் பார்த்து, "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று கேட்டபோது, "ஆரணியிலதாங்க" என்று மென்று முழுங்கினேன். நான் நெய்த சேலைக்கு யாரோ ஒரு கடைக்காரன் பேர் வாங்கிக்கொண்டு போவதா?

குஃப்ரியில் நீளக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குக் கொடுத்து, பூட்ஸின் அடியில் இரண்டு நீளக் கட்டைகளை மாட்டிவிட்டார்கள். நான் உள்ளே அவருடைய பைஜாமாவைப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். கண்ணாடி இருந்திருந்தால் நானே பயந்திருப்பேன்.

சறுக்கச் சொல்லிக்கொடுத்த மலைக்காரர் இந்தியில் கத்திக்கொண்டே இருந்தார். மேனேஜர்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார். "குனிஞ்சு காலைப் பாக்காதீங்க, எதிர்ல பாருங்க. இடது காலை அழுத்தினா வலது பக்கம் திரும்பும், வலதை அழுத்தினா இடது பக்கம்."

முதலில் அவரே போனார். பாதித் தூரத்தில் குனிந்து காலைப் பார்த்தார், விழுந்தார். அவர் மனைவி பத்தடியில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் கல்யாணப் பெண் மாதிரி குனிந்த தலை நிமிராமல் போய், மீசையெல்லாம் பனியாகக் கவிழ்ந்தார். எழுந்ததும், "கட்டை சரியில்ல" என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! மூவரும் தட்டுத்தடுமாறிக் கீழே போய்ச் சேர்ந்தார்கள்.

என் முறை வந்தது. குழித்தறியில் உட்கார்ந்தால் கால் இரண்டும் குழிக்குள் இருக்கும். மிதிகட்டையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கண் முன்னால் விரிந்திருக்கும் பாவு நூலின் மேல் இருக்கும். கால் தன்பாட்டுக்கு இடது, வலது என்று மாற்றி மிதிக்கும். நான் அதையேதான் செய்தேன். இடதை அழுத்தினேன், திரும்பியது. வலதை அழுத்தினேன், இந்தப் பக்கம் திரும்பியது. அட, இவ்வளவுதானா! காற்று கன்னத்தில் அறைய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடிவாரம் வரை வந்து நின்றேன். அப்படியொரு சந்தோஷம் அதற்குமுன் எனக்கு வந்ததே இல்லை.

மலைக்காரர் கை தட்டினார். மேனேஜர் மனைவி வாயைப் பிளந்தபடி, "எங்கம்மா கத்துக்கிட்டீங்க இதை?" என்றார்.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கோ அந்த நேரத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தறிக்குழியிலங்க. ஆறு வருஷம் மிதிச்சிகினு இருந்தேன். ரயில்ல கேட்டீங்களே, அந்தச் சேலையும் நானே நெய்ஞ்சதுதான்."

என் வீட்டுக்காரர் கட்டைகளோடு தள்ளாடித் தள்ளாடி என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பனி ஒட்டிய மீசையைத் துடைத்துக்கொண்டு, மேனேஜருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.

"அந்த மிதிய எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு."

சாயங்காலம் வரை சொல்லிக்கொடுத்தேன். அன்று அவர் எத்தனை முறை விழுந்தார் என்பதை மட்டும் நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.