நல்லகாமன் எழுந்து போகாத நாள்

நல்லகாமன் ஃபயர் சர்வீஸில் சேர்ந்தது உலகச் சண்டைக் காலத்தில். குண்டு விழுமென்று பயந்து அப்போது ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். கீழக்குயில்குடியிலிருந்து ஆறு பேர் போனார்கள்; ஐந்து பேர் பயிற்சி முடியுமுன்பே ஓடி வந்துவிட்டார்கள். இவர் மட்டும் முப்பது வருஷம் இருந்தார். மதுரையில் குண்டு ஒன்றும் விழவில்லை. விழுந்ததெல்லாம் கிணற்றில் மாடுதான்.

அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் ஜெயக்கொடி இதைத்தான் முதலில் சொல்வாள். சிரிப்பு வருகிற இடத்திலிருந்து தொடங்கினால் அழுகை வருகிற இடத்துக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்று ஒரு நினைப்பு. தப்பித்ததில்லை.

காளவாசலைத் தாண்டி மேற்கே போனால் அந்தக் காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் கிணறு. மாடு விழும், தூர்வாரப் போன ஆள் மயங்கி விழுவான், மாமியாரோடு மல்லுக்கட்டிய மருமகள் போய் விழுவாள். போன் வந்தால் வண்டி மணியடித்துக்கொண்டு கிளம்பும். கிணறு என்றால் உள்ளே இறங்குவது நல்லகாமன், மேலே கயிறு பிடிப்பது முகைதீன் பிச்சை. பிச்சை பிடிக்காத கயிற்றில் அவர் இறங்கமாட்டார். இருவரும் மாமா, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிச்சையின் பெண்சாதி மைதீன் பீவிக்கு நல்லகாமன் அண்ணன். ஜெயக்கொடிக்குப் பீவி அத்தை. எந்த ரேஷன் கார்டிலும் இல்லாத சொந்தம்.

இறங்குவதற்கு நல்லகாமனிடம் ஒரு முறை உண்டு. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் உள்ளே விடுவார். விளக்கு அணைந்தால் கீழே விஷக்காற்று. வேப்பங்குழையைக் கட்டாகக் கட்டி மேலும் கீழுமாக ஆட்டிக் காற்றைக் கலக்கிவிட்டு, மறுபடி விளக்கை விடுவார். அது எரிந்தால்தான் கால் வைப்பார். சுற்றி நிற்கிற சனம் பொறுக்காது. "உள்ள உசுரு போய்க்கிட்டிருக்கு, இந்தாளு வெளக்கு வச்சு வெளையாடுறான்" என்று கத்தும். "எங்க மாமா எறங்குனா ஏறி வருவாரு. அவசரமா இருந்தா நீங்க எறங்குங்க, கயிறு நான் பிடிக்கிறேன்" என்பார் பிச்சை. கத்தியவன் கூட்டத்துக்குள் பின்வாங்கிவிடுவான்.

ஜெயக்கொடிக்கு நாலு வயதிருக்கும்போது அவள் அம்மா செல்லத்தாய் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். இன்னொரு கல்யாணம் பண்ணச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். நல்லகாமன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் அவரே சோறு பொங்கினார், பாவாடை துவைத்தார், சடை பின்னினார். ரப்பர் குழாயை முறுக்கிச் சுருட்டிப் பழகிய கை. பின்னினால் ஒரு வாரத்துக்கு அவிழாது. "அப்பா, வலிக்குது" என்று அவள் அழ, மறுநாளே மைதீன் பீவியிடம் போய் உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொண்டார். காக்கி உடுப்போடு ஒரு ஆம்பிளை சடை பின்னப் படிக்கிறார் என்று குவார்ட்டர்ஸே சிரித்தது. அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

எழுபத்திரண்டு ஆவணியில் ஜெயக்கொடிக்குக் கல்யாணம். பரவையில், மாப்பிள்ளை சின்னான் வீட்டு வாசலில் பந்தல். நல்லகாமனுக்கு லீவு வேண்டும் என்பதற்காகப் பிச்சை கல்யாணத்துக்கு வராமல் டூட்டியில் இருந்துகொண்டார். பீவி மட்டும் விடியுமுன்பே வந்து ஜெயக்கொடிக்குப் பூ வைத்துவிட்டு, பந்தலில் முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

தாலி ஏறப் பத்து நிமிஷம் இருக்கும்போது திண்டுக்கல் ரோட்டில் மணிச்சத்தம் கேட்டது. வண்டி பந்தலுக்கு நேரே வந்து நின்றது. பிச்சை குதித்து ஓடி வந்தார்.

"மாமா, பக்கத்துத் தோட்டத்துல பாழுங்கெணறு. ரெண்டு பேரு உள்ள கெடக்காங்க. நீ வந்தாத்தான் ஆகும்."

நல்லகாமன் எழுந்துவிட்டார். துண்டைக்கூட இடுப்பில் கட்டிவிட்டார். அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் மொக்கையன், "பொண்ணோட அப்பன் எந்திரிச்சா நாங்களும் எந்திரிக்க வேண்டியதுதான்" என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள் என்பது பரவைக்கே தெரியும்.

ஜெயக்கொடி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மாலை மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை. "போகாதீகப்பா. போனீகன்னா நான் கெணத்துல விழுவேன்" என்றாள் உதடு அசையாமல்.

நல்லகாமன் மகளைப் பார்த்தார். உட்கார்ந்தார். "நீ போ மாப்ள. தாலி கட்டுனதும் பின்னாடியே வாரேன்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. முன்வரிசையில் பீவிக்கும் கேட்டது.

தாலி ஏறிய மறு நிமிஷம் கல்யாண வேட்டியோடு யாருடைய சைக்கிளையோ பிடுங்கிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சனம் போட்ட சத்தத்தில் பிச்சை விளக்கும் விடவில்லை, குழையும் ஆட்டவில்லை. இறங்கி ஒருவனைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பியிருக்கிறார்; அவன் பிழைத்துக்கொண்டான். அடுத்தவனைக் கட்டும்போது இவரும் சாய்ந்துவிட்டார். நல்லகாமன் விளக்கு விட்டு, குழை ஆட்டி, முறைப்படி இறங்கி, பிச்சையின் உடலைத் தோளில் சுமந்து ஏறினார்.

அதற்குப் பிறகு பீவி அவரை வாசற்படி ஏறவிடவில்லை. சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை, கதவைச் சாத்திவிட்டாள். ஸ்டேஷனிலும் முகத்துக்கு நேரே கேட்டார்கள், மகளைக் கட்டிக்கொடுக்க மாப்ளயைக் காவு கொடுத்தியா என்று. அவர் அடுத்த வருஷம் ரிட்டயரானார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் பீவி வீட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் போய் நிற்பார். பிச்சையின் பிள்ளைகள் புதுச்சட்டையோடு தொழுகைக்குப் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

"நான் போயி அத்தைகிட்டச் சொல்லிர்றேன்ப்பா" என்று ஜெயக்கொடி ஒரு தடவை சொன்னாள்.

"வாய மூடு. வாழப்போன பொண்ணு, நாளைக்கு மொக்கையன் உன்னத்தான் பேசுவான். எனக்கென்ன, அம்புட்டுப் பேச்சையும் நான் தாங்குவேன்."

அப்பா சொன்னார், அவள் மூடிக்கொண்டாள். கீழ்ப்படிந்த மகள் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள். உண்மையில் பயம், அப்புறம் பழக்கம். மொக்கையன் செத்து எட்டு வருஷமாகியும் அவள் வாய் திறக்கவில்லை. பரவையை விட்டு அவள் குடிவந்த காளவாசல் வீட்டிலேயே நல்லகாமனும் வந்து இருந்தார். பேரப்பிள்ளைகளுக்குச் சடை பின்னிவிட்டார், வலிக்காமல். அவர் பின்னுவதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். அடுப்பில் உலை இருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும். ஏதாவது ஒரு சாக்கு.

எண்பத்தொன்பது ஆனியில், எழுபத்தோரு வயதில், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். சாயங்காலம் பீவி வந்தாள், தலைக்குமேல் வளர்ந்த மகனோடு. பெண்களுக்குப் பின்னால் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். ஜெயக்கொடி தவழ்ந்தே போய் அவள் மடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அன்னைக்கு அப்பா வரத்தான் எந்திரிச்சாரு. நான்தான் கையப் பிடிச்சு உக்கார வச்சேன். போனா செத்துருவேன்னு சொன்னேன். மாமாவக் கொன்னது நான்தேன் அத்தை."

பீவி அடிப்பாள் என்று ஜெயக்கொடி காத்திருந்தாள்; அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முந்தாநேத்து கடைக்குப் போறப்ப இவரப் பாத்தேன்" என்றாள் பீவி மெதுவாக. "என்னக் கண்டதும் சைக்கிள விட்டு எறங்கி ஒதுங்கி நின்னாரு. எப்பவும் அப்படித்தான் நிப்பாரு. நான் முக்காட்ட இழுத்துவிட்டுக்கிட்டு எப்பவும் போல போயிட்டேன். பதினேழு வருசமாத் தெரிஞ்சத இன்னைக்கு வந்து சொல்றியே தாயி. முந்தாநேத்துச் சொல்லிருந்தீனா, நல்லாருக்கீகளா அண்ணேன்னு ஒரு வார்த்த கேட்டுருப்பேனே."