கிளி இருந்த ஒருசந்தி

“நல்லாத்தான் சாப்பிடுது, அண்ணே,” என்றாள் மோனிக்கா.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கையில் லட்டுத் தட்டோடு அவள் வீட்டு கேட்டில் நின்றேன், அவ்வளவுதான். என் மகள் தேவிஸ்ரீயின் குழந்தைக்கு அன்று காலையில்தான் பேர் வைத்துத் தொட்டிலில் போட்டோம். எனக்கு முதல் பேத்தி. கால் தரையில் படவில்லை. எங்கள் செங் தாமான் குடியிருப்பில் ஒரு வீடு விடாமல் நானே லட்டு கொண்டு போனேன்.

“கிண்ணத்த வேணும்னா பாருங்க. நெறைய இருக்கு. நான் பட்டினி போடுறேன்னு யாரும் சொல்ல முடியாது.”

“யாரும்மா சொன்னா? மொதல்ல லட்ட எடுத்துக்க.”

“தவக்காலம் அண்ணே. இனிப்பு தொட மாட்டேன்.”

சொல்லும்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. கேட்டுக்கு உள்ளே தொங்கிய கிளிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாங்கா உட்கார்ந்திருந்தது. கடையில் பட்ஜி என்பார்கள். எங்கள் வாயில் எல்லாமே கிளிதான். பச்சையாக இருக்கிறது என்று அவள் மகன் வைத்த பேர் மாங்கா. அன்றைக்கு அடித்த வெயிலுக்கு எனக்குச் சட்டையே பாரமாக இருந்தது. மாங்கா மட்டும் இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, போர்வைக்குள் இருப்பதைப்போல இருந்தது.

தீனிக் கிண்ணத்தை எடுத்து ஊதினேன். தோலாகப் பறந்தது. அடியில் ஒரு மணி தினைகூட இல்லை.

“மோனிக்கா, இது வெறும் தோலு. தின்னுட்டுப் போட்டது.”

“சாயங்காலம் போடுவேன் அண்ணே. ஒரு வேளைதான்.”

“அது ஏன் ஒரு வேளை?”

அவள் முந்தானையை இழுத்து இழுத்து விட்டாள். “அதுவும் என்னோட ஒருசந்தி இருக்கு.”

நாங்கள் புரட்டாசியில் விரதம் இருப்பதைப்போல, வேதக்காரர்கள் பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முன்னால் பகலெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்து ஒரு வேளை சாப்பிடுவார்கள். அதற்குப் பேர் ஒருசந்தி. மனுஷர் இருப்பது தெரியும். கிளி இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மோனிக்கா சிம்பாங் அம்பாட் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் செங் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தாள். அந்த ஃபேக்டரி பஸ்ஸை ஓட்டியவர்தான் எட்வின். “ஏறுனா, எறங்க மாட்டேன்னுட்டா, கட்டிக்கிட்டேன்,” என்று கல்யாணக் கதையைச் சொல்வார். “பஸ்ஸு கதவு கெட்டுப் போச்சு, எறங்க முடியல,” என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். அப்படிச் சிரித்த வீடு அது. எட்வின் நெஞ்சுவலியில் போன பிறகு மகன் லியோனலும் சிங்கப்பூர் கிடங்கு வேலைக்குப் போய்விட்டான். பள்ளியில் படிக்கும்போது அவன் வாங்கி வந்த கிளி இவளிடம் நின்றுவிட்டது. அதற்கு இப்போது ஒன்பது வயதுக்கு மேல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் லியோனல் வீடியோவில் கூப்பிடுவான். “மா, மாங்காவக் காட்டுங்க” என்பான். இவள் போனைக் கூட்டுப் பக்கம் பிடிப்பாள். அவன் விசிலடிப்பான், அது பதிலுக்குக் கத்தும், அவன் சிரிப்பான். கை வலித்தாலும் இவள் இறக்க மாட்டாள். ஏனென்றால் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினதும், “சரி மா, வேல இருக்கு” என்று வைத்துவிடுவான். மகனைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் கிளிதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

புது வருஷத்தில் அவன் சொல்லியிருக்கிறான்: “என்ன மா, மாங்கா ஃபுட்பால் மாதிரி ஆயிடுச்சு! டயட்ல போடுங்க லா.” அப்போது அது உண்மையிலேயே குண்டு. சூரியகாந்தி விதை, மேரி பிஸ்கட், ரொட்டி சானாய் ஓரம் என்று இவள் கொடுக்காதது இல்லை. எல்லாவற்றையும் நிறுத்தினாள். தவக்காலம் வந்ததும் லியோனல் பாஸ்காவுக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். தான் ஒருத்தி இருந்தால் போதாது என்று கிளியையும் சேர்த்துக்கொண்டாள். நாள் போகப் போகக் கிளி உப்பியது. இன்னும் குண்டு குறையவில்லை என்று தினையிலும் ஒரு பங்கைக் குறைத்தாள்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய், தேவிஸ்ரீ கேக் மாவு நிறுக்கும் தராசை எடுத்து வந்தேன். பேத்தி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எடை பார்க்கிற புத்தி வந்திருந்தது. கிளினிக்கில் குழந்தையை நிறுக்கும்போது முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பவன் நான். மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, மாங்காவை உள்ளே விட்டோம். அது கொத்தக்கூட இல்லை. இருபத்து மூன்று கிராம்.

“அப்ப எளச்சிருக்கு! நல்லதுதானே அண்ணே?”

“எனக்குத் தெரியாதும்மா. டாக்டர்கிட்டப் போவோம், வா.”

டவுனில் பறவை பார்க்கிற சீனப் பெண் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவர் மாங்காவைத் துணியில் பிடித்து, நெஞ்சு இறகை ஊதி விலக்கினார். நடுவில் எலும்பு கத்தி முனைபோல நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சதையே இல்லை. மோனிக்காவின் விரலைப் பிடித்து அதில் வைத்தார். அவள் சூடு பட்டவள்போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். இவள் மறைக்கவில்லை. தன்னோடு நோன்பு இருந்தது என்று மலாயில் சொன்னாள்.

“பூரோங் பூன் புவாசா?” என்றார் டாக்டர். கிளியுமா நோன்பு? சிரிக்க வாயைத் திறந்தவர் மோனிக்காவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். இந்தச் சின்ன உடம்பு அடுப்பைப்போல எரிந்துகொண்டே இருக்கும், பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். உப்பியது குண்டு இல்லை, உடம்பில் சூடு நிற்காமல் இறகை விரித்து வைத்திருக்கிறது. இந்த உடல்வாகுக்கு முப்பது கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். முன்னே இருந்த கொழுப்பும் கெடுதல்தான், இப்போதைய பட்டினி அதைவிடக் கெடுதல். வயதான கிளி, ஈரல் எப்படி இருக்குமோ தெரியாது. உட்காரும் குச்சியைத் தாழ்வாகக் கட்டுங்கள், பக்கத்தில் விளக்குப் போடுங்கள், தினமும் காலையில் தீனிக்கு முன்னால் நிறுத்துப் பாருங்கள்.

“பொழைக்குமா?” என்று இவள் தமிழிலேயே கேட்டாள். டாக்டருக்குப் புரிந்தது. உறுதி சொல்ல முடியாது என்றார்.

காரில் வரும்போது மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, “சாமிக்குக் குடுத்தது எப்படிண்ணே தப்பாப் போகும்?” என்று கேட்டாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லியோனல் கூப்பிட்டபோது நானும் அங்கே இருந்தேன். கூட்டுக்கு விளக்கு மாட்டிக் கொடுக்கப் போயிருந்தேன்.

“மாங்காவக் காட்டுங்க மா.”

“தூங்குதுப்பா.”

“பட்டப்பகல்லயா? காட்டுங்க மா.”

காட்டினாள். அவன் விசிலடித்தான். மாங்கா கண்ணை மட்டும் திறந்து மூடியது.

“என்ன மா ஆச்சு? ஏன் இப்படி இருக்கு?”

சொல்லிவிட்டாள். அழாமல்தான் சொன்னாள்.

“கிளிய யாரு மா ஒருசந்தி இருக்கச் சொன்னா? பைத்தியமா உங்களுக்கு?”

“நீ பாஸ்காவுக்கு வரணும்னு வேண்டிக்கிட்டேன்யா. நான் மட்டும் இருந்தா பத்தலையோன்னு…”

“என்னைய ஏன் மா இதுல இழுக்குறீங்க?”

போன் நின்றுவிட்டது. மோனிக்கா திரை கறுத்த போனைக் கூட்டுப் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் கையை இறக்கிவிட்டேன்.

சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. தினமும் எடையை அனுப்பச் சொல்லியிருந்தான். அதோடு சரி.

மோனிக்கா விடிந்தால் எடை பார்த்து அனுப்புவதே வேலையாக இருந்தாள். கையிலேயே தினைக் கதிரைப் பிடித்து ஊட்டினாள். மாங்கா மெதுவாகத் தேறியது. ஒரு தடவை மட்டும் எடை இறங்கியது. அனுப்பிய கையோடு லியோனல் வேலை நேரத்தில் கூப்பிட்டான். டாக்டரைப் பார்த்தீர்களா என்றான். மத்தியானமும் கூப்பிட்டான். ராத்திரி கூப்பிட்டபோது, “நீங்க சாப்டீங்களா மா?” என்று கேட்டிருக்கிறான். மறுநாள் கேட்டில் நின்று அதை எனக்கு இரண்டு தரம் சொன்னாள். “சாப்டீங்களான்னு கேட்டான் அண்ணே. கிளியப் பத்தி இல்ல. என்னைய.”

பிறகு எடை ஏறியது. ஏற ஏற அவன் போன் குறைந்தது. பாஸ்காவுக்கு அவன் வரவில்லை, ஓவர்டைம் என்றான். அவள் கறி ஆக்கி எங்கள் வீட்டுக்கும் கொண்டு வந்து கொடுத்தாள். பேத்தியை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தேவிஸ்ரீ பால் கொடுக்கக் கேட்டபோதுதான் கொடுத்தாள்.

இன்று காலை பேத்திக்கு இளவெயில் காட்ட வாசலில் நின்றேன். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன என் தங்கத்துக்கு. மோனிக்கா போனும் கையுமாகத் தன் கேட்டுக்கு வந்தாள்.

“இன்னைக்கு முப்பது வந்துருச்சு அண்ணே.”

“அட, நல்ல சேதிதானே! அவனுக்கு அனுப்புனியா?”

“அனுப்புனேன். பாத்துட்டான். ஒண்ணும் சொல்லல.”

பேத்தியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். போனைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“நாளைக்குக் கொறச்சு அனுப்பிப் பாக்கட்டுமா அண்ணே? இருபத்தி நாலுன்னு. நம்பரத்தானே கேக்குறான், படம் கேக்கலையே.”