நூறு-தொண்ணூறு பல்பு

டிரைவர் ஹெட்லைட் பல்பைக் கையால் தொடமாட்டார். அட்டைப் பெட்டியைத் திறந்து, வேட்டி நுனியால் அதன் அடிப்பாகத்தைப் பிடித்துத் தூக்கி, கண்ணுக்கு மிக அருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் பட்டால் சூட்டில் பல்பு சீக்கிரம் போய்விடும். உத்திரமேரூரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நானே அவசரத்தில் தொட்டுவிடுவதுண்டு. அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், காவாந்தண்டலத்துக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். பல்பை ஏன் அத்தனை அருகே வைத்துப் பார்க்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகியிருந்தன. வாரம் மூன்று நாள் காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ். காலை ஆறு மணி முறைதான் கிடைத்தது, மற்ற நேரமெல்லாம் நிரம்பியிருந்தது. நாலரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, பிள்ளைகளும் இல்லை, ஓயாமல் வாடகைக் கார் வைக்க வசதியும் இல்லை. ஆக, அவருடைய பழைய காரின் இரண்டு பல்புகளை நம்பித்தான் அந்த அம்மாளின் உயிர் இருந்தது. பல்பு மங்கல் என்று அவர் வந்து நிற்பார். நான் புதிதாகப் போட்டுக்கொடுப்பேன். மாதம் திரும்புவதற்குள் மறுபடி வந்து நிற்பார்.

சட்டப்படி அந்தக் காருக்கு ஹை பீம் அறுபது வாட், லோ பீம் ஐம்பத்தைந்து வாட். அவர் கேட்டதோ நூறு-தொண்ணூறு. கேட்டுவிட்டு, நான் மறுப்பதற்கு முன்பே வழியும் சொல்வார், கண்ணாடி நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் சட்டத்துக்குச் சரியாகிவிடும் என்று. அந்தக் காலத்தில் பஸ், லாரி ஹெட்லைட்டில் எல்லாம் கறுப்புப் பொட்டு இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பொட்டு வைத்துவிட்டால் எந்த பல்பும் நியாயமான பல்பு. எனக்கு எரிச்சலாக வரும். பொட்டு வைத்தாலும் நூறு வாட் நூறு வாட்தான், ஹோல்டர் உருகும், எதிரே வருகிறவன் கண் கூசிக் கால்வாயில் இறங்குவான் என்று பாடம் நடத்துவேன். இன்றைக்கு வெள்ளை வெளேரென்று எல்.இ.டி. கேட்டு வருகிறவர்களிடமும் அதே பாடம்தான். பல்பு விஷயத்தில் நான் ரொம்ப யோக்கியன்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், இதற்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று, எதிரே இருந்த கிடங்குச் சுவருக்கு நேராகக் காரை நிறுத்தச் சொன்னேன். அன்று அவர் மனைவியும் கூட வந்திருந்தார். லோ பீமைப் போட்டேன். வெளிச்சம் சுவரில் கோடு கிழித்ததுபோல விழுந்து, இடது பக்கம் கொஞ்சம் ஏறி நின்றது. அதைவிடச் சரியாக ஒரு பல்பு எரிய முடியாது. டிரைவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் மங்கலாத்தான் கீது நைனா" என்றார். பிறகு டீ வாங்கப் போனார். அவர் நகர்ந்ததும் அந்த அம்மாள் கார் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"பல்புல ஒண்ணும் இல்லப்பா. அவருக்குக் கண்ணு போய்க்கினு கீது. கண்ணு கேம்ப்புல டாக்டர் எங்கிட்டதான் சொன்னாரு, போன பார்வை திரும்பாதுன்னு. வழி பூரா பள்ளம், வளைவு எல்லாம் நான்தான் சொல்லிக்கினே போறேன். நீ தெரிஞ்சாப்புல காட்டிக்காத. வண்டியும் இல்லன்னா அவரு ஒடஞ்சி பூடுவாரு."

நான் காட்டிக்கொள்ளவில்லை. எதிரே வருகிறவன் கண் கூசக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன், கண் தெரியாத ஒருவர் விடிகாலையில் கார் ஓட்டுவதைத் தெரிந்துகொண்டே அவருக்கு பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க முடியாமல், காஞ்சிபுரத்தில் சரக்கு எடுக்கும் வேலை இருப்பதாகச் சொல்லி நானே மூன்று வாரம் அவர்களை அழைத்துப்போனேன். நாலாவது வாரம் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகும் நான் போகவில்லை. விடிகாலையில் எழுந்திருப்பது அலுத்துவிட்டது, அவ்வளவுதான். கடையைக் காரணம் சொன்னேன். "பரவால்ல நைனா, நான் பாத்துக்கறேன்" என்றார் டிரைவர், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட.

அறுப்புக் காலம் வந்தது. எங்கள் பக்கம் சாலையில் பாதியை மறித்து நெல் காயவைப்பார்கள். மாலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கல் வைத்துவிட்டுப் போவார்கள். முதல் நாள் இல்லாத குவியல் மறுநாள் விடிகாலையில் இருக்கும். அப்படி ஒரு விடிகாலையில் அந்த அம்மாள் சோர்வில் சில நிமிடம் கண் அயர்ந்திருக்கிறார். கார் கல்லில் மோதி நெல் மேல் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. குவியலுக்கு அந்தப் பக்கம் காவலுக்கு ஒரு ஆள் படுத்திருந்தான். இன்னும் இரண்டடி போயிருந்தால் அவன் மேல் ஏறியிருக்கும்.

அதோடு அந்த அம்மாள் காரில் ஏற மறுத்துவிட்டார். டயாலிசிஸும் நின்றது. நான் ஓடிப்போய், இனி ஒவ்வொரு முறையும் நானே வருகிறேன் என்று கெஞ்சினேன். "எத்தினி நாளைக்குப்பா வருவ?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து டிரைவர் பஸ்ஸில் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"நெசத்த சொல்லு. அந்த பல்பு வெளிச்சம் பத்தலதான? என் கண்ணுல ஒண்ணும் இல்லியே?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வெளிச்சம் கம்மிதான், உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அவருக்கு ஒரு பெருமூச்சு வந்தது. தோள் கொஞ்சம் தளர்ந்தது. சொன்னது நல்லதுதான் என்று நான் நினைத்த நேரத்தில் நிமிர்ந்தார்.

"அப்போ நான் கேட்ட நூறு-தொண்ணூற நீ குடுத்திருந்தா, அவ இருந்திருப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ப் படியைக் காலால் தடவினார். பிடித்துக்கொள்ளப் போனேன். கையை விலக்கிக்கொண்டு தானே இறங்கிப் போனார்.