புளி போட்டுத் துலக்கிய வெண்கலக் காசுகள்

எண்பதுகளின் கடைசி. சாமை விதைக்க நிலத்தைக் கொத்தியபோது என் வீட்டுக்காரருக்குச் சின்னக் கலயத்தில் ஏழு வெண்கலக் காசுகள் கிடைத்தன. ஜவ்வாது மலையில் நான் பால்வாடி டீச்சர். நாலு எழுத்துப் படித்த திமிர் எனக்கு. "புதையல் சர்க்காருக்குத்தான் சொந்தம், நாளைக்கே எறங்கிப்போய் குடுத்துட்டு வாங்க" என்று விரட்டினேன்.

அதோடு விட்டேனா? பெரிய மனுஷர் கையில் எதையும் அழுக்கோடு கொடுக்க எங்களுக்குக் கூசும். புளியும் சாம்பலும் போட்டு ஆறு காசுகளைப் பளபளவென்று துலக்கினேன். ஏழாவதில் மரத்தடியில் ஒருத்தி கன்னத்தில் கைவைத்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஈட்டியோடு சிப்பாய். அவள் முகத்தைத் தேய்க்க மனம் வரவில்லை. அதை மட்டும் என் மடியில் முடிந்துகொண்டேன். துணியில் கட்டிக் கொடுத்ததை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

போனவர் திரும்பவில்லை. மறுநாள் பதறியடித்துக்கொண்டு அடிவாரத்து ஸ்டேஷனுக்குப் போனேன். அவரைச் சட்டையில்லாமல் மூலையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"கோயில் சிலை காணாமப்போயி பத்து நாளாவுது. இவன் புது வெண்கலத்த எடுத்துக்கினு வர்றான். சிலைய உருக்கி காசா அடிச்சிருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வேலூரிலிருந்து வந்திருந்த மியூசியம் அதிகாரி லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எழுத்து, உருவம் எல்லாத்தையும் தேய்ச்சு மழுக்கிட்டாங்களே. பழசுன்னு எப்படி எழுதித் தர்றது? தேய்க்காம பச்சைக் களிம்போட ஒண்ணு இருந்தாக்கூடப் போதும்."

எடுத்துக் கொடுத்தால் புதையலை ஒளித்தவள் ஆவேன். வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். கொடுக்காவிட்டால் அவர் சிலைத் திருடன். மடி முடிச்சை அவிழ்த்துக் காசை மேசைமேல் வைத்தேன்.

அதிகாரி முகம் மலர்ந்தது. "ரோம் ராஜா ஒரு நாட்ட ஜெயிச்சதுக்கு அடிச்ச காசு சார். இந்தப் பொம்பளதான் தோத்த நாடு. சிலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "இத ஏம்மா மறைச்ச?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "அது மறைக்கல சார். நான்தான் குடுத்து, பத்திரமா வெச்சிக்கன்னேன். ஆசப்பட்டுட்டேன்."

சிலைத் திருட்டு போய், புதையலை மறைத்த கேஸ் அவர்மேல் விழுந்தது. உள்ளே போகும்போது திரும்பி, "நீ பொழுதோட மலையேறு. பால்வாடிய தொறக்கணும்ல" என்றார்.

நான்தான் மறைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பஸ் ஏறினேன்.