அம்மாவின் காலடியில் ஓர் ஓட்டை

ஹட்டன் கடைத்தெருவில் வெல்டிங் கம்பி, சீமெந்து எல்லாம் விற்கிறவன் நான். கேட் செய்கிறவர், கிரில் அடிக்கிறவர், லொறிக்குத் தகரம் கட்டுகிறவர் என்று இந்த ஊரில் எந்த பாஸும், அதாவது எந்த மேஸ்திரியும், என் கடைக்கு வராமல் வேலை பார்க்க முடியாது. அப்படிப்பட்டவனுடைய காருக்கு ஒரு சாண் தகடு ஒட்டித்தர நாலு மாதமாக ஆள் கிடைக்கவில்லை என்றால் வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்காதா?

கார் அப்பா வாங்கியது. அறுபது வயதைத் தாண்டிய சின்ன இங்கிலாந்துக் கார். பழைய காரைத் துடைத்துத் துடைத்துப் படம் எடுத்துப் போடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். ஆனால் முழங்கால் சரியாக மடங்காத என் அம்மா ஏறக்கூடிய ஒரே வாகனம் அதுதான். வேனில் ஏற முடியாது, ஆட்டோவுக்குள் குனிய முடியாது. இதில் மட்டும் வெளியே பார்த்தபடி சீட்டில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்துவிடுவார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிந்துலையில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்கப் போவார். சித்திக்கும் நடமாட்டம் இல்லை. இரண்டு பேருக்குமே காது மந்தம், அதனால் போனில் பேசிப் பிரயோசனம் இல்லை.

ஆடி மழையில் ஒருநாள், தலவாக்கலையைத் தாண்டும்போது, அம்மா காலடியில் ஊன்றியிருந்த குடை சடாரென்று கீழே இறங்கி ரோட்டில் உரசியது. காலுக்குப் போட்டிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றோடு கார் வீட்டில் நின்றது.

முதலில் அடுத்த தெருவில் கேட் செய்கிற பாஸைக் கூப்பிட்டேன். அவருக்குத் தெரிந்தது கரண்ட் வெல்டிங். இரும்புக் கேட்டுக்கு வைக்கிற சூட்டை இந்த மெல்லிய தகட்டில் வைத்தால் என்ன ஆகும்? கம்பி பட்ட இடமெல்லாம் பொத்தல். உள்ளங்கை அளவு இருந்த ஓட்டை தோசைக்கல் அளவு ஆனது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மொதலாளி, இது தகரம் இல்ல, அப்பளம்" என்றார். போகிற வழியில் என் கடையிலேயே ஒரு பெட்டி கம்பியும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்தவர் நுவரெலியாவில் கார்த் தகடு தட்டுகிற சிங்கள டிங்கர் பாஸ். கேட்கும்போதெல்லாம் "ஹெட்ட எனவா" என்பார். நாளைக்கு வருகிறேன் என்று அர்த்தம். ஆறு வாரம் நாளை நாளை என்று இழுத்தடித்துவிட்டு ஒருவழியாக வந்தார். காரை இரண்டு முறை சுற்றினார், போனில் படம் எடுத்தார், விற்பீர்களா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணீர்கூட குடிக்கச் சொல்லவில்லை.

கடைக்கு வருகிறவர்களோ ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பலகை போடு என்றார் ஒருவர். சீமெந்து ஊற்று என்றார் இன்னொருவர். அவருக்கு நானே சீமெந்து விற்றிருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா காலையிலேயே சேலை மாற்றி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஹோலில் உட்கார்ந்துவிடுவார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். பத்து மணி ஆனதும் எழுந்துபோய் வீட்டுச் சேலையைக் கட்டிக்கொள்வார். கேட்டுத் திட்டினாலாவது ஆறுதலாக இருக்கும்.

கார்த்திகையில், லிந்துலைப் பக்கமிருந்து வந்த ஓர் உறவுக்காரர் சொன்னார், சித்தி சரியாகச் சாப்பிடுவதில்லையாம். அக்காவுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று எல்லாரிடமும் கேட்கிறாராம். அதைக் கேட்டு எனக்கு அழுகைதான் வந்தது, ஆனால் வெளியே வந்ததென்னவோ கத்தல். அந்த நேரம் பார்த்துக் கம்பி வாங்க வந்த கேட் பாஸ் அதை வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம், அவர்தான் வழியும் சொன்னார். திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து வாட்டும் பகுதியின் மெல்லிய தகடுகளை கேஸ் வெல்டிங்கில் ஒட்டுகிற ஃபிட்டர் ஒருவர் இருக்கிறாராம். ஃபெக்டரி ஓடாத நாளில், தோட்டத்தை நடத்துகிற துரை சம்மதித்தால், வெளி வேலை செய்வாராம். இதை நாலு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?

காரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோனேன். துரை சம்மதித்தார். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில், தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஃபிட்டர் வேலையைத் தொடங்கினார். சீட்டு, சாக்கு எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று ஊரில் இருக்கிற அத்தனை பாஸ்மாரையும் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அவர் காரின் அடித்தகட்டில் திருப்புளியை விட்டு நோண்டினார். கறுப்பாக ஒரு கட்டி வந்து விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. சாக்குத் துணியும் மெழுகும்.

"இத யாருங்க மொதலாளி அடைச்சது?" என்று கேட்டார். "தண்ணி வெளிய போறதுக்குன்னு செஞ்சவங்களே வச்ச ஓட்டைங்க இது. நம்ம ஊரு மழைக்கு உள்ள வர்ற தண்ணி எல்லாம் எங்கதான் போவும்? உள்ளயே நின்னு தின்னுருச்சு."

நான்தான் அடைத்தேன். கால் குளிருகிறது என்று அம்மா சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, சாக்கைக் கிழித்துத் திணித்து, பிறகு உள்ளே இருந்து மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். குளிர் ஊரில் இதுகூடத் தெரியாமல் காரைச் செய்திருக்கிறானே என்று செய்தவனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டுதான் ஊற்றினேன். ஃபிட்டர் சிரிக்கவில்லை. எனக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

அந்தப் போயாவும் அடுத்த இரண்டு ஞாயிறும் வேலை நடந்தது. ஓட்டைகளை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துக் கொடுத்து, இதில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கொட்டகலை தாண்டியதும் அம்மா சேலையை இழுத்துக் காலை மூடினார். "என்னா வேல செஞ்சிருக்காரு அந்த பாஸ்? காத்து ஏறுதே. நீ அடைக்கிற மாதிரி அடைச்சிட்டா என்னா தம்பி?" என்றார்.

நாலு மாதக் கோபமும் தொண்டைக்கு வந்துவிட்டது. காரை ஓரம் கட்டினேன். நான் அடைத்ததால்தான் தகடு இற்றுப்போனது என்பதை அவர் காதுக்குக் கேட்கும்படி கத்திச் சொன்னேன். சொல்லிவிட்டு என் சுவெட்டரைக் கழற்றி அவர் காலில் சுற்றினேன்.  லிந்துலை வரைக்கும் குளிரில் எனக்குப் பல் கிட்டியது.

சித்தி கட்டிலில் மெலிந்துபோய்க் கிடந்தார். அம்மாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் ஏன் வரவில்லை, கோபமா என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டினார். இன்றைக்கு நமக்குக் கிடைக்கப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மா தங்கையின் காதருகே குனிந்து, வீடு முழுக்கக் கேட்கும்படி பெருமையாகச் சொன்னார்: "எனக்குக் கால் குளிரும்னு எம்புள்ள வருசா வருசம் மெழுகு ஊத்தி அடைச்சிருக்கான். அதான் காரு கெட்டுப்போச்சு."

சித்திக்குப் பாதிதான் கேட்டிருக்கும். கால் குளிருகிறதா என்று கேட்டுக்கொண்டே, தன் கம்பளியைத் தூக்கி அம்மாவின் காலுக்கும் சேர்த்து இழுத்துப் போர்த்தினார்.